பன்னிரண்டு நிமிடம் சும்மா விடவும்

அத்தியாயம் 9

ஒரு சோள வடைக்கு எத்தனை பேர் வேண்டும்? எங்கள் வீட்டில் மூன்று பேர். செய்ய ஒருவர், அளக்க ஒருவர், திட்டு வாங்க ஒருவர். மூன்றாவது ஆள் நான்.

போன வாரம் அக்கா வேலை செய்யும் நர்சிங் மாணவிகள் விடுதியில், சமையலறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தலைமைச் சமையல்காரர் முழங்கால் வலியோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒன்று, பதினோரு வருடமாக அங்கே அடுப்படியில் நிற்கும் என் அக்கா. இன்னொன்று, அதே அடுப்படியில் வேலை செய்யும் ஃப்ரீசர். எதைச் செய்யச் சொன்னாலும் "அதுதான் பாக்கெட்ல வருதே" என்பாள். பெயர் வைத்தது அக்கா.

புதிதாக வந்த மேலாளர் அம்மா ஒரு விதி போட்டிருந்தார். ஆளுக்கு ஒரு பலகாரம், ஒரே ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். சமையலே தெரியாத ஒருவர் அந்தத் தாளை மட்டும் பார்த்துச் செய்வார். எழுதியவர் சமைப்பவரிடம் ஒரு வார்த்தை பேசினாலும் தாள் செல்லாது. முந்நூறு பேர் சாப்பிடும் இடத்தில், யார் ஷிப்டில் இருந்தாலும் ஒரே ருசி வர வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். அதுதான் எரிச்சல்.

ஃப்ரீசர் செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டாள். அவள் தாளில் மூன்று வரி. பாக்கெட்டைக் கத்தரிக்கவும். எண்ணெயில் போடவும். மூன்று நிமிடத்தில் எடுக்கவும். தோட்டக்காரர் செய்தார், பிசகவில்லை. பிசக அதில் என்ன இருக்கிறது?

அந்த இடத்துக்கு அவள் வந்தால் அக்காவைப் பாத்திரம் கழுவும் பகுதிக்கு அனுப்பப் போவதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அக்காவுக்குச் சோப்புத் தண்ணீர் ஆகாது. முன்பு ஒரு தடவை மூன்று மாதம் அங்கே நின்றாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து, சட்டைப் பொத்தான் போட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. இன்று வியாழக்கிழமை. மதியம் மூன்றரைக்கு அக்காவின் முறை.

பலகாரம் சோள வடை. மாணவிகள் தட்டை நக்காத குறையாகச் சாப்பிடுவது. அதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் தாளில்தான். அக்கா இதுவரை எதையும் அளந்ததில்லை.

அளப்பதற்கென்றே அத்தான் இருக்கிறார். அவருக்குத் தொழில் தராசு சரிபார்ப்பது. மருந்துக்கடை, நகைக்கடை, தபால் அலுவலகம் என்று பித்தளை எடைக்கற்கள் உள்ள பெட்டியோடு ஏறி இறங்குவார். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவரும், எல்லாவற்றையும் 'கொஞ்சம்' என்று சொல்கிறவளும் பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சத்தம் மூன்றாவது மாடியிலிருந்து தெருவரை கேட்கும்.

அதனால்தான் அவர்கள் மகள் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனாள். பதின்மூன்று வயது. வீட்டில் அவளைப் பெரிய மனுஷி என்றுதான் கூப்பிடுவோம்.

'சாயங்காலம் ஐந்து மணி வரை இந்த வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போடக் கூடாது. மாமாவுக்கும் இது பொருந்தும்.'

கீழே மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

*

"கடலை மாவு எவ்வளவு?" என்றார் அத்தான். மடியில் நோட்டு. காதில் பேனா.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கை சொல்லுங்க."

"கை சொல்றதை நான் எப்படிம்மா எழுதறது?"

அக்கா வாயைத் திறந்தாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். "சரிங்க. நான் அள்ளறேன். நீங்க எடை போடுங்க. போதுமா?"

"தாராளமா."

இருவரும் வங்கிக் கவுன்டரில் பேசுவதுபோலப் பேசினார்கள்.

ஆறு கதிர் உரித்தோம். உரித்தது நான். முத்துகள் அறுநூறு கிராம். அதில் நூற்றைம்பதை முழுதாக எடுத்து வைத்தாள். மீதியை மிக்ஸியில் தண்ணீர் விடாமல் விட்டு விட்டு நான்கு சுற்று. "மையா அரைச்சா களி. அரைக்காம போட்டா எண்ணெயில வெடிக்கும். பாதியில நிக்கணும்" என்றாள். அத்தான் நான்கு சுற்றையும் நொடிக்கணக்கில் குறித்துக்கொண்டார். உப்பு, வெங்காயம் ஒன்றரை, பச்சை மிளகாய் நாலு, இஞ்சி கட்டைவிரல் நுனி, சோம்பு, மிளகாய்த் தூள், மல்லித்தழை, கடலை மாவு, அதில் பாதிக்கும் குறைவாக அரிசி மாவு.

அவர் பச்சை மிளகாயைத் தனித்தனியாக எடை போட்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூச்சு விட்டாள். எல்லாம் விழுந்ததும் பிசைந்தாள். தட்டினாள். எண்ணெயில் விட்டாள்.

வடை எண்ணெயில் இறங்கியது. பிறகு பல திசைகளில் கிளம்பிப் போனது.

"என்ன இது?" என்றாள் அக்கா.

இரண்டாவது வடையும் அப்படியே. மூன்றாவதை அவள் கரண்டியால் அணைத்துப் பிடித்தாள். கரண்டியில் பாதி ஒட்டிக்கொண்டது. மாவைத் தொட்டுப் பார்த்தாள். "தளதளன்னு இருக்கு. எனக்கு இப்படி வந்ததே இல்ல."

"மாவு கூடச் சேர்த்தா?" என்றார் அத்தான்.

சேர்த்தோம். வடை பிடித்தது. தின்றால் கடலை மாவைக் காகிதத்தில் சுற்றித் தின்பது போல இருந்தது. நான் ஒன்றரை தின்றுவிட்டு மீதியைத் தட்டில் வைத்தேன்.

"எப்படிடா இருக்கு?"

"மோசம்."

"கொஞ்சம் பாத்து சொல்லக்கூடாதா?"

"ரொம்ப மோசம்."

அவள் கையை ஓங்கினாள். ஃப்ரிட்ஜ் அவளைப் பார்த்தது. கையை இறக்கினாள்.

*

இரண்டாவது சுற்றை நான் செய்தேன், அத்தானின் நோட்டை மட்டும் பார்த்து. "இவனுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது. இவன் செஞ்சுட்டான்னா உலகத்துல எவனும் செஞ்சுடுவான்" என்பது அக்காவின் கணக்கு.

அவமானமாக இல்லை. பார்சல் கிடங்கில் ஏழு வருடம் இரவு ஷிப்டில் ஊர்வாரியாகப் பெட்டி பிரித்தவன் நான். நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள், பெட்டிகள் வரும் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்கா வீட்டு ஹாலில் படுக்கை. இந்த வீட்டில் எதையும் செய்து பார்ப்பதற்கு நான்தான் மலிவான ஆள்.

என் வடை அவள் வடையைவிட வேகமாகப் பிரிந்தது. கூடவே ஒரு முத்து வெடித்து என் தாடையில் சுட்டது.

"சோளம் பழசா இருக்கும்" என்றாள் அக்கா.

"காலைல ஆறு மணிக்கு நான்தானே வாங்கிட்டு வந்தேன்" என்றேன்.

"எண்ணெய் காயல."

"காஞ்சுது. தாடையைப் பாரு."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். பழி போட இன்னும் ஒரே ஒரு பொருள்தான் மேடையில் மிச்சம் இருந்தது. "அப்ப தராசுதான் தப்பு."

அத்தான் பேனாவை மூடினார்.

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். பித்தளைக் கற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். பத்து. ஐம்பது. நூறு. ஐந்நூறு. எண்கள் அப்படி அப்படியே வந்தன. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார். அந்த மௌனம் சண்டையைவிடக் கேவலமாக இருந்தது.

"பன்னிரண்டு மணி ஆகப்போகுது" என்றேன். "மூணு மணிக்கு அங்க இருக்கணும்."

"தெரியும்டா! கடிகாரம் எனக்கும் இருக்கு!"

"அது சண்டையில சேருமா?" என்றேன், காகிதத்தைக் காட்டி.

"வாய மூடு."

*

மூன்றாவது சுற்றுக்குக் கடைசி ஆறு கதிர். அக்காவே அரைத்தாள். அரைத்த சோளத்தில் உப்புப் போட்டாள். அத்தான் பாத்திரத்தைத் தராசின் மேலேயே வைக்கச் சொன்னார். ஏன் என்றதற்கு, "எந்த இடத்துல எடை மாறுதுன்னு பாக்கணும்" என்றார். கையில் நிறுத்துகடிகாரம், அரைப்பு முடிந்த நொடியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவர் ஒரு வாக்கியம் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"தராசு பொய் சொல்லாதும்மா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அப்ப நான் பொய் சொல்றேன்?"

"நான் அப்படிச் சொல்லல."

"பதினோரு வருஷமா முந்நூறு பொண்ணுங்க தின்ன வடை பொய்யா?"

"வடையை யாரு சொன்னா? நான் தராசைச் சொன்னேன்."

"எப்பப் பாரு தராசு! எங்க அம்மா வீட்டுக்கு முதல் தடவை வந்தப்ப, அவங்க போட்ட சாப்பாட்டுல உப்பு ஒரு கிராம் கூடன்னு சொன்ன மனுஷன்தானே நீங்க?"

"ஒண்ணரை கிராம். அதுவும் நீ கேட்டதாலதான் சொன்னேன்."

"டேய், பாத்தியாடா? பதினாறு வருஷம் கழிச்சும் அந்த அரை கிராமை விட மாட்டேங்கறாரு!"

நான் எதையும் பார்க்கவில்லை. தாடையில் பற்பசை தடவிக்கொண்டிருந்தேன். சுட்ட இடத்துக்கு அது தப்பு வைத்தியம் என்று பின்னால் தெரிந்தது. இந்த வீட்டில் எல்லாமே பின்னால்தான் தெரியும்.

அதன்பின் பழைய கணக்கெல்லாம் வந்தது. அவர் ஷூவை அடுப்படி வழியாகக் கொண்டுபோவது. அவள் மிக்ஸி மூடியைத் தொலைத்துவிட்டு அவர்மேல் போட்டது. மகளின் பிறந்தநாளுக்கு கேக்கைச் சரியாகப் பதினாறு துண்டாக வெட்டுகிறேன் என்று அவர் ஸ்கேல் எடுத்து வந்தது.

கடைசியாக அக்கா இடுப்பில் கையை வைத்தாள். "போன வாரம் பால்கனிக் கதவைச் சாத்திக்கிட்டு போன்ல யார்கிட்டப் பேசினீங்க?"

அத்தான் நோட்டைப் புரட்டினார்.

"ஒரு தராசு விஷயம்" என்றார்.

"தராசு விஷயத்தை யாருங்க கிசுகிசுன்னு பேசுவாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா "எக்கேடோ கெடட்டும்" என்று சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பினாள். வாய் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இடது கை பாத்திரத்தைத் தராசிலிருந்து எடுத்தது, வலது உள்ளங்கையால் சோளத்தை அணைத்துப் பிடித்து, தொட்டிப் பக்கம் சாய்த்தது. பால் போன்ற தண்ணீர் வழிந்து ஓடியது. பாத்திரம் திரும்பத் தராசில் உட்கார்ந்தது. பிறகு வெங்காயம், மிளகாய், மாவு. பிசைந்தாள். தட்டினாள். விட்டாள்.

வடை எண்ணெயில் இறங்கியது. அங்கேயே இருந்தது. ஓரம் பொன்னிறமானது. திருப்பினாள். திரும்பியது.

மூன்று பேரும் வாணலிக்குள் குனிந்து பார்த்தோம்.

"அக்கா," என்றேன், "இப்ப என்ன செஞ்ச?"

"எதை?"

"தண்ணிய வடிச்சியே."

"நான் எங்கடா வடிச்சேன்?"

"வடிச்ச" என்றார் அத்தான். அவர் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார், கோயில் இல்லாத இடத்தில் சாமி கண்டவர் மாதிரி. "பாத்திரம் எடுக்கறதுக்கு முன்னாடி இருந்த எடை நோட்டுல இருக்கு. திரும்ப வெச்சப்ப நூத்திப்பன்னிரண்டு கிராம் குறைச்சல். அவ்வளவும் தண்ணி." நிறுத்துகடிகாரத்தை நிறுத்தினார். வடித்தபின் ஆன நேரத்தைக் கழித்துச் சொன்னார். "அரைச்சு முடிச்சு, நீ வடிக்கிற வரைக்கும் பன்னிரண்டு நிமிஷம்."

"பன்னிரண்டு நிமிஷம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

அத்தானும் நானும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தோம்.

"காலைல ரெண்டு தடவையும் நாம நல்லபடியா இருந்தோம்" என்றார் அத்தான் மெதுவாக. "அரைச்ச உடனே மாவு போட்டாச்சு. தண்ணி பிரிய நேரமே இல்ல."

"அப்ப விடுதில? அங்க நான் யார்கூட..." அக்கா பாதியில் நின்றாள். விடுதியில் காய்கறி வண்டி வரும் நேரமும் சோளம் அரைக்கும் நேரமும் ஒன்று. பதினோரு வருடமாகக் காய்கறிக்காரரோடு தினமும் வாசலில் சண்டை. அவர் வராத நாளில் சண்டைக்கு ஃப்ரீசர் இருக்கிறாள். "அட கர்மமே" என்று முக்காலியில் உட்கார்ந்தாள்.

அத்தான் நோட்டில் எழுதினார்: 'சண்டை, 12 நி.'

"அதை அப்படியே எழுதித் தரப் போறீங்களா?" என்றேன்.

சுத்தப் பிரதி என் வேலை. கிடங்கில் பெட்டிக்கு லேபிள் எழுதிய கை, எழுத்து தெளிவாக இருக்கும். ஏழாவது வரியை நான் இப்படி எழுதினேன்: 'அரைத்த சோளத்தில் உப்புப் போட்டுப் பன்னிரண்டு நிமிடம் சும்மா விடவும். கைவைக்க வேண்டாம். பிறகு சாய்த்து, பிரிந்து நிற்கும் தண்ணீரை வடிக்கவும்.'

கிளம்பும்போது அக்கா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். பிறகு எடுத்து, நீவி, மறுபடி ஒட்டினாள். பெரிய மனுஷி நாலரைக்கு வந்துவிடுவாள்.

*

விடுதிச் சமையலறைக்கும் நடைவழிக்கும் நடுவே பெரிய கண்ணாடி. தட்டு வாங்கும் திறப்பு மட்டும் திறந்திருக்கும். உள்ளே பேசுவது வெளியே கேட்கும், வெளியே பேசுவது உள்ளே கேட்கும். எழுதியவர் நடைவழியில் நிற்க வேண்டும். கூட வந்தவர்களும் அங்கேயே. விதிகள் அச்சடித்துப் பக்கத்துச் சுவரில்.

ஃப்ரீசர் தூணில் சாய்ந்து நின்றாள். "என்னக்கா, குடும்பத்தோட வந்திருக்கீங்க? தாள் ரொம்ப கனமோ?"

"ஆமாம்மா. உன்னுது மாதிரி மூணு வரி இல்ல பாரு" என்றாள் அக்கா.

சமைக்க வந்தவர் வாசல் காவலாளி. ஆறடி உயரம். தாளை இரு கையாலும் பிடித்து, வாகன அனுமதிச் சீட்டைப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். சீட்டில் இருப்பதைத் தவிர வேறு எதையும் நம்பாத மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. உரித்தார். அளந்தார். நான்கு சுற்று அரைத்தார். உப்புப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் மேலாளர் அம்மா. ஒல்லியானவர், கையில் கிளிப் அட்டை. ஒரு நிமிடம் பொறுத்தார்.

"ஏன் நிக்கறீங்க?"

"பன்னிரண்டு நிமிஷம் சும்மா விடணும்னு போட்டிருக்கும்மா."

"முந்நூறு தட்டு போடற இடத்துல பன்னிரண்டு நிமிஷம் சும்மாவா? எனக்கு நாலு மணிக்கு மீட்டிங் இருக்கு. அந்த வரியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க."

காவலாளி தாளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மாவு டப்பாவை நோக்கிக் கை மெல்ல நகர்ந்தது.

அக்கா கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றினாள். வாய் திறந்தது. ஃப்ரீசர் தூணைவிட்டு நிமிர்ந்தாள். சுவரில் அந்த வரி: ஒரு வார்த்தை பேசினாலும் தாள் செல்லாது. அக்காவின் பார்வை சுவருக்குப் போனது, அந்த வரியை மறுபடி படித்தது. சமைப்பவரிடம். சமைப்பவரிடம் மட்டும்.

அவள் அத்தான் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க," என்றாள், அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி, "பச்சை மிளகாயைத் தனித்தனியா எடை போட்ட மனுஷன்தானே நீங்க?"

அத்தானுக்கு இரண்டு நொடி ஆனது. பதினாறு வருடத்தில் அவர் இவ்வளவு சீக்கிரம் எதையும் புரிந்துகொண்டதில்லை.

"ஆமா, போட்டேன்! அதுக்கு என்ன இப்ப?"

"என்னவா? மானம் போகுது!"

"மிக்ஸி மூடியைத் தொலைச்சப்பப் போகலையா மானம்?"

மேலாளர் அம்மா கிளிப் அட்டையோடு வெளியே வந்துவிட்டார். "என்ன இது? இது விடுதி! பொண்ணுங்க படிக்கற இடம்!"

"நீங்களே சொல்லுங்க மேடம்," என்றாள் அக்கா, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மா போட்ட சாப்பாட்டுல உப்பு ஒரு கிராம் கூடன்னா அது பேச்சா?"

"ஒண்ணரை கிராம், மேடம்" என்றார் அத்தான்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றார் மேலாளர் அம்மா. ஆனால் நகர முடியவில்லை. முழங்கை அக்காவிடம் இருந்தது. மாடிப்படியில் மாணவிகள் சேர ஆரம்பித்தார்கள். உள்ளே காவலாளி, சொல்ல ஆள் இல்லாததால், தாளுக்குத் திரும்பியிருந்தார். கைகள் பின்னால். கண் கடிகாரத்தில்.

நான்கு நிமிடம். ஆறு. நான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஏழாவது நிமிடத்தில் அது நடிப்பு இல்லாமல் போய்விட்டது. அக்காவின் கழுத்து சிவந்தது. அத்தானின் குரல் உடைந்தது. அவர்களுக்குச் சண்டையைப் பொய்யாகப் போடத் தெரியாது.

"இப்ப சொல்லுங்க! இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க! பால்கனில யார்கூடப் பேசினீங்க?"

"வேண்டாம். இங்க வேண்டாம்."

"யாரு அவ?"

"அவளா?" அத்தான் திகைத்துப்போனார். "எவளும் இல்ல! கிடங்கு! உன் தம்பி வேலை பாத்த கிடங்கு! அங்க தராசு பாக்கப் போனேன், சூப்பர்வைசர்கிட்டப் பேசினேன், திருப்பி எடுத்துக்கறோம்னாங்க. போதுமா? திங்கட்கிழமையிலிருந்து. ராத்திரி ஷிப்ட். அவன் வருவான்னு நான் சொல்லிட்டேன்."

நடைவழியில் சத்தம் நின்றது. அக்கா மேலாளர் அம்மாவின் முழங்கையை விட்டுவிட்டாள்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஃப்ரீசரோடு நான்கு.

உள்ளே காவலாளி பாத்திரத்தைச் சாய்த்தார். பால் போன்ற தண்ணீர் தொட்டியில் ஓடியது.

*

வடை நன்றாக வந்தது. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் முத்துகள் முழுசாக, எண்ணெய் குடிக்காமல். மேலாளர் அம்மா ஒன்றைத் தின்றார். இரண்டாவதை யோசனையோடு தின்றார். மூன்றாவதை நின்றுகொண்டே, மீட்டிங்கை மறந்து தின்றார்.

"அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துல என்னதான் நடக்குது?" என்று காவலாளியைக் கேட்டார்.

"உள்ள ஒண்ணும் நடக்கலம்மா" என்றார் அவர். "வெளியிலதான் நடந்துச்சு."

"விதிப்படி இவங்க பேசக் கூடாதே மேடம்!" என்றாள் ஃப்ரீசர்.

"சமைச்சவர்கிட்டப் பேசினாங்களா?"

காவலாளி தலையை ஆட்டினார். இல்லை.

மேலாளர் அம்மா கிளிப் அட்டையில் கையெழுத்துப் போட்டார். "திங்கட்கிழமையிலிருந்து நீங்கதான் இங்க தலைமை. சோளத்தை முதல்ல அரைச்சு வெச்சுட்டு மத்த வேலையைப் பாருங்க, நேரமும் மிச்சம். இன்னொண்ணு, உங்க வீட்டுக்காரரை இங்க கூட்டிட்டு வராதீங்க."

அக்கா நன்றி சொன்னாள். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். வெடிப்பு இல்லாத விரல்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். மீதி வடையை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அது என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. அத்தான் எங்கே போனாலும் விடாத எடைக்கல் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்.

எல்லாருக்கும் ஒரே திங்கட்கிழமை. அவள் வெளிச்சத்தில் ஒரு சமையலறைக்குள் போவாள். நான் இருட்டியபின் அந்தப் பெல்ட்டுக்குப் போக வேண்டும். கழற்றி வைத்த கையுறை இன்னும் அங்கேயே இருக்கிறதா என்றுகூட யோசித்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அக்கா அவரிடம். சத்தம் போடவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவ."

"சொல்லுவேன்தான்."

"நாலு மாசமா ஹால்ல சுவரைப் பாத்துட்டுப் படுத்திருக்கான். எனக்குத் தெரிஞ்சதை நான் செஞ்சேன்." அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் எதையோ எடைபோடத் தெரியாமல் விட்டவரின் கலக்கம். "மச்சான், ஏதாவது சொல்லு. திட்டணும்னா திட்டு. இப்படி இருக்காத."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஏழு வருடம் இருந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் ஒரே களியாக வந்துவிழும் என்று தெரிந்தது.

"பன்னிரண்டு நிமிஷம் சும்மா விடுங்க அத்தான்" என்றேன். "கைவைக்காதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

நடந்தோம். அக்கா மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.